தண்ணிக் கழிவு

அந்த நோட்டை மூடி வையுங்கள், சிஸ்டர்.
நாலாம் பக்கத்திலிருந்து உள்ளதெல்லாம்
மெஷின் சொன்னதில்லை. நான் சொன்னது.

கோயம்புத்தூரில் வால்வு மாற்றிய மறுநாள்
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
மணிக்கட்டு நரம்புக்குள் ஊசி, ஊசியிலிருந்து குழாய்,
திரையில் சிவப்பாக ஒரு கோடு
நம் சேரம்பாடி ரோடு மாதிரி ஏறி இறங்கி.
அடுத்த கையில் பட்டை.
கால் மணிக்கொரு தரம் தானே உப்பி
தானே மூச்சுவிட்டு
வெள்ளையில் ஒரு எண் போடும்.
சிவப்பு நூற்று அறுபத்தாறு என்றால்
வெள்ளை நூற்று ஐம்பது என்றது.
நடு ராத்திரி அவருக்கு வேர்த்து
சிவப்பு எண்பதுக்கு விழுந்தபோது
வெள்ளை தொண்ணூற்றாறு என்று
எனக்குத் தைரியம் சொன்னது.
ஓடி வந்த நர்ஸ் பையன்
வெள்ளையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரே ஆள், ஒரே ரத்தம், எதுப்பா சரி?
உள்ளே இருப்பதுதான் அம்மா, என்றான்.
அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது.

வீட்டுக்கு வந்தது
திருப்பூரிலிருந்து சகாயராணி அனுப்பிய மெஷின்.
படுத்துக் கிடந்து இளைத்த கையில்
பட்டை இரவல் சட்டை போலத் தொங்கியது.
ஒரு அமுக்கு: நூற்று ஐம்பத்தெட்டு.
ரெண்டு நிமிஷம் கழித்து: நூற்று இருபத்தேழு.
மூன்றாவதுக்கு எண்ணே இல்லை, ஒரு கோணல் எழுத்து.
நெஞ்சு ஒரே தாளத்தில் அடிக்காது என்று
டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதாம்.
மெஷின் தாளத்தைத்தான் தேடுமாம்.
இது நீங்கள் சொன்னது. பிறகுதான் சொன்னீர்கள்.

நான் இருபத்தொன்பது வருஷம் கொழுந்து பறித்தவள்.
ஈர இலை கனக்கும் என்று
நிறுவையில் ரெண்டு கிலோ கழிப்பார் கணக்குப்பிள்ளை.
வெயில் காய்கிற மாசியிலும் கழிப்பார்.
ஏன் என்று கேட்டால் தண்ணிக் கழிவு.
எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

அதனால் கழித்தேன்.
விறைக்கிற காலைக்குப் பத்து.
லயத்துப் படி ஏறி வந்த மூச்சுக்கு ஐந்து.
யானை வந்து தகரம் தட்டிய இரவுக்கு எட்டு.
தம்பி பங்காளிகள் பேசிவிட்டுப் போன அன்று
பன்னிரண்டு.
கழித்துக் கழித்து எந்த நாளையும்
நூற்று முப்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன்.
அவர் மெஷினைப் பார்க்க மாட்டார், சிஸ்டர்,
என் முகத்தைப் பார்ப்பார்.
அதில் பெரிய எண் தெரிந்தால்
சோறு பாதிதான் இறங்கும்.

நேற்று நூற்று நாலு.
கழிக்க ஒன்றுமில்லை என்று
அப்படியே எழுதினேன், சந்தோஷமாக.
பேனாவை மூடும்போது பார்க்கிறேன்,
அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.
உதடு சாம்பல்.
அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது.
விழும்போது வெள்ளை கூட்டித்தான் சொல்லும்.
ஏறும்போதுதான் குறைத்துச் சொல்லும்.
கழிவு ஒரு பக்கமாகவே இருக்கும் என்று
எனக்கு யார் சொன்னது?

ஜீப்பில் பந்தலூர் வந்து சேர்வதற்குள்
என் விரல் அவர் மணிக்கட்டைவிட்டு எடுக்கவில்லை.
நீங்கள் பழைய மீட்டரை எடுத்தீர்கள்,
சின்னப் பட்டை சுற்றினீர்கள்,
காதில் குழாய் வைத்து
மெல்ல, ரொம்ப மெல்லக் காற்றை விட்டீர்கள்.
மூன்று தரம். என்னையும் வாய் மூடச் சொன்னீர்கள்.
எண்பத்தாறு என்றீர்கள்.
என் நோட்டை நம்பித்தான் மாத்திரை போகிறது என்பது
அப்போது உறைத்தது.

திட்டுவதானால் திட்டுங்கள்.
பிறகு நோட்டைத் திறந்து
கடைசிப் பக்கம் பாருங்கள்.
இன்று விடிந்ததும், உங்கள் கட்டிலில் வைத்து,
உங்கள் பட்டையில் எடுத்தது.
மூன்றையும் எழுதியிருக்கிறேன்.
ஈரத்தை ஈரம் என்று ஓரத்தில் போட்டிருக்கிறேன்,
கழிக்கிறவர் கழிக்கட்டும்.

118. 97. 109.
மழை. கம்பளி கழற்றியாச்சு.
ராத்திரி தூங்கினார், யானை இல்லை.
அவர் பேசவில்லை.
பேசியது நான்.