நூற்றிப் பன்னிரண்டு

முதல் நாள் சேட்டைப் புறம்மாறிப் போட்டார்.
நான் சிரிச்சனான்.
அடுத்த நாள் பின்னேரம்
கிணத்தடியில வாளியோடை நிண்டு
"மிச்சக் காசு ஆருக்குக் குடுக்கோணும்?" எண்டார்.
விடியக் காலமை
என்னை ஆரெண்டு தெரியேல்லை.

அயலுக்கை ஆளுக்கொரு காரணம்.
முன்வீட்டுத் திலகேஸ்வரிக்கு அது காத்துக் கறுப்பு.
தம்பியாருக்கு, பென்சன் எடுத்தாப் பிறகு தனிய இருந்து யோசிச்சது.
கனடாவில இருந்து மச்சாள்
வீடியோக் கோலில முகத்தைப் பார்த்தவுடனை
மறதி வருத்தம் எண்டு முடிச்சிட்டா.
ஓட்டோக்காரப் பெடியன்தான் பட்டெண்டு கேட்டான்:
"மந்திகைக்கோ அன்ரி, பெரியாஸ்பத்திரிக்கோ?"
மந்திகை கிட்ட. நெல்லியடியிலயிருந்து ஒரு எட்டு.
ஆனா எங்கட பக்கத்தில அது ஊர்ப்பேர் மட்டுமில்லை.
யாழ்ப்பாணம் எண்டன்.
வெக்கத்தில சொன்னது. அறிவில இல்லை.

டொக்டர்ப் பிள்ளை என்ரை மூத்தவளிலும் இளமை.
"இது என்ன இடம் ஐயா?"
"பஸ்."
"என்ன வருசம்?"
"தொண்ணூற்றேழு."
"இவ ஆர்?"
என்னைப் பார்த்தார். வடிவாப் பார்த்தார்.
"ரிக்கற் எடுக்காத ஆள்."

சலத்தில கிருமியோ, சீனி இறங்கினதோ,
எங்கையும் விழுந்து தலை அடிபட்டதோ,
ஈரலோ, குடியோ, திடீரெண்டு விட்ட குடியோ,
என்னென்ன குளிசை, எப்ப தொட்டு,
கேட்டுக் கேட்டு எழுதினா, எழுதி எழுதி வெட்டினா.
நான் எட்டிப் பார்த்தன்.
விசர் எண்ட சொல் அந்தத் தாளில இல்லை.

இரவு இரண்டு மணி இருக்கும்.
எழும்பிச் சேலைன் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு
கால் ரண்டையும் அகட்டி நிண்டார்,
இருவத்தொன்பது வருசம் நிண்ட மாதிரி.
"வல்லை வந்திட்டுது. எல்லாரும் இறங்குங்கோ.
ஐ.சி.யைக் கையில எடுங்கோ.
பாக்கைத் திறந்து வையுங்கோ.
நடவுங்கோ. ஓடாதேங்கோ."

மூலைக் கட்டிலில டெங்குக் காய்ச்சல் பெடியன்
கெக்கட்டம் விட்டுச் சிரிச்சான்.
தொண்ணூற்றேழில அவன் பிறக்கேல்லை.
ஆறாம் கட்டில் மனுசன்
முட்டுக்காரர், புத்தி தெளிவு,
பேப்பர் கண்ணாடியில்லாமல் வாசிக்கிறவர்,
தலையணைக்குக் கீழ கையை விட்டுத் தேடினார்.
எதிர்க்கட்டிலில ஒராள்
காலைக் கீழ போட்டுச் செருப்பைத் துழாவினது.
மிஸி ஓடி வந்து
"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, படுங்கோ" எண்டா.
ஆருக்குச் சொன்னவ எண்டு எனக்கு விளங்கேல்லை.

காலமை ரத்த முடிவு வந்தது.
உப்பு நூற்றிப் பன்னிரண்டு.
நூற்றி முப்பத்தைஞ்சு இருக்கோணுமாம்.
பிரசர் குளிசை சலத்தோடை உப்பை இறக்கியிருக்கு.
சித்திரை வெக்கைக்குப் போத்தல் போத்தலாத் தண்ணி.
"சாப்பாட்டில உப்புப் போடுறனீங்களோ அம்மா?"

கிளினிக்கில குறையுங்கோ எண்டுதான் சொன்னவை.
நான் நிப்பாட்டிப்போட்டன்.
ஆனையிறவு உப்புப் பக்கெட்டை
அலுமாரிக்கு மேல, கை எட்டாத இடத்தில.
புட்டுக்கு மாக் குழைக்கேக்கை ஒரு துளி இல்லை.
அவரும் வாய் திறக்காமல் திண்டவர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு
பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை.
நான் உப்பிடேல்லை.
மனுசன் என்னை நினைக்கேல்லை.

கெதியா ஏத்தப்படாதாம், மூளை தாங்காதாம்.
ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஊசி, ஒரு சின்னப் போத்தல் ரத்தம்.
நூற்றிப் பதினைஞ்சு. நூற்றிப் பதினேழு.
நூற்றி இருவதில மூத்தவளின்ரை பேரைச் சொன்னார்.
நூற்றி இருவத்தாறில
"நீ ஏன் இன்னும் சாப்பிடேல்லை, அற்புதம்?" எண்டார்.
பிறகு அந்த மூண்டு நாளையும் கேட்டார்.
கொஞ்சம் சொன்னன்.
வல்லையைச் சொல்லேல்லை.

துண்டு வெட்டின அண்டு பஸ்ஸிலதான் வந்தனாங்கள்.
கொண்டக்டர் பெடியனை அவர் காசு எண்ண விடேல்லை,
பிழை பிடிச்சுக்கொண்டே வந்தார்.
வெளி வந்தது. காத்து. ரண்டு பக்கமும் தண்ணி.
பஸ் நிக்கேல்லை. இப்ப இதில ஒண்டும் நிக்கிறதில்லை.
அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
என்ரை கை பாக்குக்குள்ள போயிருந்தது.
எடுத்தன். பார்த்தன்.
ஐ.சி.