நூற்று அறுபத்து மூன்று மீட்டர்

இந்த ஊரின் மிக உயரமான மலைக்கு
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
உச்சிப் பாறையில் உயரத்தைப் பொறித்திருக்கிறார்கள்,
பார்த்தால் தெரியாது என்பதால்.

அதனால் நான் மாடிப்படி ஏறினேன்.
புக்கிட் பாத்தோக், இருபத்தைந்து மாடி,
முதுகுப்பையில் பத்துக் கிலோ பொன்னி அரிசி.
ஆறு மாதம், வாரம் நான்கு நாள்.
ஒன்பதாம் மாடிப் படியில்
அறிவிப்புக்குக் கீழேயே நின்று புகைக்கும் செங் ஹுவாட்
ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"லிஃப்ட் ரிப்பேரா?"
ஏழாவது வாரம் ஆள் இல்லை.
படியோரம் ஒரு தண்ணீர்ப் போத்தல்,
சாம்பல் படாமல் மூடியைத் துடைத்து.

மலை என்னைப் பொருட்படுத்தவில்லை.
ஐந்து நாள் மேகத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.
நாலாயிரத்து இருநூறில் தலை இரண்டாய்ப் பிளந்தது.
பூண்டு சூப். காயாத காலுறை.
கணக்குப் பிரிவில் கெஞ்சி வாங்கிய பன்னிரண்டு நாள் விடுப்பு
ஒவ்வொன்றாகக் கரைந்தது.
ஆறாம் நாள் விடியுமுன் பசாங் கதவைத் தட்டினார்.
எதுவும் சொல்லவில்லை.
கையை மட்டும் நீட்டினார்.

வெள்ளை என்று சொன்னால் பொய்.
முதலில் சாம்பல்.
பிறகு மீன் வயிற்றின் நிறம்.
பிறகு உச்சியில் மட்டும் விரற்கடை அளவு தீ,
பொங்கிய பால்
விளிம்பில் ஒரு நொடி தயங்கிவிட்டு
நிற்காமல் இறங்குமே, அப்படி இறங்கிற்று.
எதிர்ச் சரிவில் எதுவோ நழுவியது, புகையாக.
அது நின்ற பிறகுதான்
சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது.
படமெடுக்கக் கையுறையைக் கழற்றினேன்.
விரல்கள் வேறு யாருடையவோ.

நான்கு நிமிடம்.
மூடிக்கொண்டது.

அலுவலகத்தில் படத்தைக் கேட்டார்கள்.
பாதிக் கட்டைவிரலும்
கொஞ்சம் வெளிச்சமும் இருந்தன.

இப்போது ஏப்ரல். மாலை நாலரை.
இருபத்தைந்தாம் மாடித் தாழ்வாரத்தில் நிற்கிறேன்.
பழக்க தோஷம், பையில் இன்னும் அரிசி.
ஜொகூர் பக்கம் மேகங்கள் எழும்பியிருக்கின்றன,
தோளுக்குமேல் தோள், முகடு, பிளவு,
வெயில் எட்டாத பள்ளங்களில் நீலம்.
பன்னிரண்டு கிலோமீட்டர் உயருமாம்,
நான் ஏறியதைப்போல் மும்மடங்கு.
உச்சி முழுக்கப் பனிக்கட்டிதானாம்,
வானிலைப் பக்கத்தில் படித்தேன்.
இருபது வருடமாய் அதன் அடிவாரத்தில்
துணி காயப்போட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் மாடிக்கு இறங்கி
செங் ஹுவாட்டிடம் காட்டினேன்.
சிகரெட்டை விரலிடையில் மறந்துவிட்டு
வெகுநேரம் பார்த்தார்.
"பெரிசு," என்றார்.
பிறகு நினைவு வந்தவராய்
மூங்கில் கழிகளை உள்ளிழுக்க ஓடினார்.

வடக்கே ஒரு வெளிச்சம்.
நான் எண்ணத் தொடங்கினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
சத்தம் வந்து சேரட்டும் என்று.