மூன்றாம் அலசல்

மக்காச்சோளத்துக்கு உப்புத்தூள் கேட்டேன்.
"தீந்துபோச்சுண்ணே, எஸ்டர்தான் இருக்கு.
மருந்து அதேதான், சட்டைதான் வேற"
என்றான் வீரகனூர்க் கடையில் லோகேஷ்.
மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை.
தண்ணீரில் ஊற்றினால் பால்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பையன் காட்டில்
பதினோரு டேங்க்.
சாரணையும் பண்ணைக்கீரையும்
மறுநாளே கழுத்து முறுக்கிப் படுத்துவிட்டன.
சோளம் ஒன்றும் நடக்காதது போல நின்றது.
சுத்தமான வேலை என்று
ஐம்பது ரூபாய் சேர்த்தே கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பூங்காவனத்தின் பருத்தி.
விதைத்துப் பதினெட்டு நாள், மூன்று இலை.
தத்துப்பூச்சிக்கு அடிக்கணும்.
அதே முதுகு, அதே டேங்க்.
கழுவாமல் இல்லை.
வாய்க்காலில் ஒரு தடவை முக்கி
குலுக்கிக் கவிழ்க்கும்போது
போன் வந்தது.

எட்டாம் நாள் விரிந்த இலைக்கு
விரல்கள் இருந்தன, உள்ளங்கை இல்லை.
நரம்பையெல்லாம் யாரோ
ஒரே பிடியாக இழுத்துக் கட்டியது போல.
தண்டு தடித்து, பாதியில் வளைந்து
மேலே போவதா
வந்த மண்ணுக்கே திரும்புவதா என்று நின்றது,
வரிசை வரிசையாக,
நான் நடந்த தடத்திலேயே.

"வைரஸுன்னு சொல்றாங்க" என்றது பூங்காவனம்.
"கண்ணு பட்டிருக்கும்னு கொழுந்தியா சொல்றா.
நீயே வந்து இன்னொரு மருந்து அடிச்சுக் குடுத்துரு."
டேங்குக்கு அறுபது ரூபாய்.
வாங்கினேன்.
அன்றைக்கு நான் அடித்தது வெறும் தண்ணீர்.

வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

லேபிளை ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் படித்தேன்.
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
உப்பாக இருந்திருந்தால் தண்ணீரோடு போயிருக்கும்.
எண்ணெய்க்குப் போக மனசு வராது,
ட்யூப்பின் உள்சுவரில்
வசூலுக்கு வந்த ஆள் மாதிரி
உட்கார்ந்துகொள்ளும்.

டீக்கடையில் மூன்று பேப்பர் கப் கேட்டு வாங்கி
அடியில் ஓட்டை போட்டு, செம்மண் நிரப்பி
ஒவ்வொன்றிலும் நாலு தட்டைப்பயறு.
ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர்.
ஒன்றுக்கு அதே தண்ணீர்,
டேங்கில் ஊற்றி நாசில் வழியாக வந்தது.
மூன்றாவதற்கு
சோப்புத்தூள் போட்டு இரவெல்லாம் ஊறவைத்து
அலசி, அலசி, மூன்றாம் முறை அலசிய தண்ணீர்.

நாலாம் நாள்
முதல் கப்பில் நாலும் தலை தூக்கின.
மூன்றாவதிலும் தூக்கின,
ஒரு இலை மட்டும் கொஞ்சம் குழிந்திருந்தது,
வெயிலாலும் இருக்கலாம்.
நடுக் கப்பில் மண் லேசாக வெடித்ததோடு சரி.

அதை மட்டும் பைக்கின் முன்னால் வைத்து
ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனேன்.
ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி.

"இதென்ன?"
"தட்டப்பயிறு."
"எதை ஊத்துன?"
"அன்னைக்கு உன் பருத்திக்கு அடிச்ச தண்ணிய."

ரூபாயைத் திருப்பித் தரத்தான் கையை விட்டேன்,
பையில் சாவிதான் அகப்பட்டது.
பூங்காவனம் என்னைப் பார்க்கவில்லை.
நகத்தால் மண்ணைத் தள்ளி
ஒரு பயறை மெதுவாக எடுத்தது.
பூண்டுப் பல் போல வீங்கியிருந்தது கழுத்து.
புரட்டிப் பார்த்து
"வேரு எங்க?" என்றது.