கண் அதிகம்

ரோனாவுக்கு இந்த ஜூனில் வயது நான்கு.
இரண்டு பருவம் தள்ளிப் போட்டாயிற்று.
இனியும் தள்ளினால்
அவள் கால் தளரும் நாளில்
அஹுரிரிச் சரிவுகளில் ஏற எனக்கு நாய் இருக்காது.

டீசல் ரசீதின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்:
பாதம் இறுக்கம். காது கூர்மை.
பனியில் புதைந்த பதினொரு ஆட்டை மோப்பம்பிடித்தவள்.
யாரையும் கடித்ததில்லை. இடுப்பெலும்பு எக்ஸ்ரே சுத்தம்.
படித்துப் பார்த்தால்
பெண்ணை எப்படியாவது தள்ளிவிடத் துடிக்கும்
தரகன் எழுதியது போலிருந்தது.

முதலில் பேர்லிக்குப் போனேன்.
மர்டோ டெய்ட்டின் கேப்.
அலமாரியில் மூன்று கோப்பை,
நான்காவதில் சாவிக்கொத்து போட்டு வைத்திருந்தார்.
வயிறு புல்லில் உரச ஊர்ந்தான் கேப்.
ஐந்து மெரினோக்களும் மூச்சடக்கி நின்றன.
வேலியில் சாய்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
நானும்தான். அவ்வளவு அழகு.
அதே அழகு என் வண்டியின் பின்கூண்டிலிருந்து
கம்பி வழியே அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மர்டோ கட்டணம் சொன்னார். கொடுக்கக்கூடிய தொகைதான்.
நான் கை நீட்டவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் நெட்டா மெக்ரே.
வணக்கம்கூடச் சொல்லவில்லை:
"உன் நாயிடம் என்ன கோளாறு?"
ஒன்றுமில்லை என்றேன்.
"ஒன்றுமில்லாத நாய்க்கு என் நாய் எதற்கு?
யோசித்துக் கூப்பிடு."

யோசிக்க என்ன இருக்கிறது.
ஏப்ரலில், மலையிலிருந்து மந்தையை இறக்கிய அன்று,
பாறையிடுக்கில் ஒரு கிழட்டு ஆடு திரும்பி நின்றது.
ரோனா அதன் கண்ணைப் பிடித்தாள்.
அது அவள் கண்ணைப் பிடித்தது.
பிறகு எதுவும் நடக்கவில்லை.
விசிலடித்தேன். பெயர் சொன்னேன். கெட்ட வார்த்தை சொன்னேன்.
முகட்டில் வெயில் போயிற்று.
கீழே நூற்றிருபது ஆடும்
காலைமுதல் சேர்த்தது அத்தனையும்
அததன் போக்கில் கலைந்து ஏறிக்கொண்டிருந்தது.
அவள், ஒரு முன்கால் தூக்கியபடி,
கல்லில் வடித்தது போல.

வசைபாடத் தொடங்குமுன் எடுத்த அந்தப் படத்தைத்தான்
சட்டம் போட்டு
அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

மறுபடி கூப்பிட்டேன்.
"கண் அதிகம்."
வெளியே கூண்டில் படுத்திருப்பவளுக்குக்
கேட்டுவிடப் போகிறதென்று குரல் தானாய்த் தாழ்ந்தது.
"கொண்டு வா," என்றாள் நெட்டா.

அவளுடைய கஸ், பார்க்க ஒன்றுமில்லை.
ஒரு காது கிழிசல். நெஞ்சில் பால் சிந்தியது போல் வெள்ளை.
ஊர்வதில்லை, பதுங்குவதில்லை,
ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவன் மாதிரி
நிமிர்ந்து நடந்து ஆடுகளிடம் போகிறான்.
அவை நகர்கின்றன.
நகராததை மூக்கால் ஓர் இடி.
தாயைக் காட்டு என்றேன்: பதின்மூன்று வயது,
எழுந்து வந்து என் பூட்ஸை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.
மகன்கள் இரண்டைக் காட்டு என்றேன்: இரண்டும்
என்னைக் கவனிக்க நேரமில்லாமல் வேலையில் இருந்தன.

பன்னிரண்டாம் நாள் காலை.
தகரக் கொட்டகை, உள்ளே தண்ணீர்த்தொட்டியிலும் பனிக்கட்டி.
விட்டோம்.
ரோனா தாழ்ந்தாள். முன்கால் தூக்கினாள்.
அவன் கண்ணைப் பிடித்தாள்.
என் வயிற்றில் அந்த ஏப்ரல் மாலை.

கஸ் கொட்டாவி விட்டான்.
உட்கார்ந்தான். கிழிந்த காதைச் சொறிந்தான்.
எழுந்து, அவள் பார்வைக்குக் குறுக்கே நடந்து,
பக்கவாட்டில் போய், வைக்கோலை முகர்ந்தான்.
எத்தனை நிமிடமோ,
அவள்தான் முதலில் கண்ணை எடுத்தாள்.
வாலை ஒதுக்கினாள்.

வாசலுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டோம்,
இரண்டு பெண்கள், நாகரிகம் கருதி.
கட்டணம் என்ன என்றேன்.
"ஒரு குட்டி," என்றாள் நெட்டா.
"நானே பொறுக்குவேன்.
எது அசையாமல் முறைத்து நிற்கிறதோ அதை."
கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"கஸ்ஸிடம் என்ன கோளாறு என்று
நீ கேட்கவே இல்லையே."