ஐந்தாவது வினா

"தொலைதூர எல்லைகளில்
ரோமர் ஏன் நின்றுவிட்டனர்?
காரணங்களுடன் விளக்குக."
இருபது மதிப்பெண்.

மாலை வகுப்பு மாணவி நான், வயது முப்பத்தொன்பது.
பகலில் துவாஸ் கடலோரம்
மணல் கொட்டும் படகுகளுக்குக் கணக்கு.
தேர்வு அறையின் குளிரிலும்
காலணிக்குள் நெறுநெறுத்தது.

புத்தகம் சொன்னதை முதலில் எழுதினேன்.
காட்டுக்குள் போன மூன்று படையணிகள் திரும்பவில்லை.
மூப்பில் செத்த மன்னர் ஒருவர்
இத்தோடு போதும் என்று எழுதிவைத்துப் போனார்.
அப்புறம் பேனா தன் போக்குக்குப் போயிற்று.

மாடு, என்று எழுதினேன்.
வண்டியில் ஏற்றிய தானியத்தை
இழுக்கும் மாடே வழியெல்லாம் தின்கிறது,
ஓட்டுகிறவனும் தின்கிறான்,
காவலுக்கு வருகிறவன் இருவர் பங்கு தின்கிறான்.
கடைசிக் கோட்டையில் நிற்கும் சிப்பாய்க்கு
சாக்கு போய்ச் சேரும்.
ஆறு ஓடிய இடமாகப் பார்த்து நின்றார்கள், ஐயா.
படகு தின்னாது.

நாங்களும் நிலம் பிடிக்கிறவர்கள்தான்,
கடலிடமிருந்து.
முதல் ஐந்து மீட்டர் ஆழத்தைக்
கடல் ஏதோ மறதியில் விட்டுக்கொடுத்ததுபோல் இருக்கும்.
பத்தில் முறைக்கும்.
இருபதில், பாய் விரிக்கும் அளவு தரைக்கு
ஒரு குன்றைக் கேட்கும்.
மணல் விற்ற ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கதவடைக்கும்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்ட அறையில்,
சியூ மெய் ஃபோங்
ஒரு கன மீட்டர் எத்தனை வெள்ளி என்று
இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுப்
பென்சிலை மேசைமேல் வைத்தாள்.
யாரும் தோற்கவில்லை.
கோப்பி ஆறிப்போயிருந்தது.
தென்மேற்கில் வரைபடக் கோடு
அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது.

ரோமிலும் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை
மெழுகுப் பலகையில் கழித்துப் பார்த்து
எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பான்.
சுவரெல்லாம் அதற்கப்புறம்.
கல்வெட்டுகளில் அவனைத் தேடாதீர்கள்.

எங்கள் கரைக்கு அவர்கள் பொன்னோடு வந்து
மிளகோடு போனார்கள்.
விலைக்குக் கிடைப்பதை எதற்குப் பிடிக்க வேண்டும்?
எழுதும்போது கொஞ்சம் கர்வமாக இருந்தது,
அடித்துவிட்டேன்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

நேரம் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.
முந்தின நாள் சாப்பாட்டு வேளையில்
படகோட்டி ஜுராய்மி கேட்டது ஞாபகம் வந்தது.
அவர் வீட்டுக் கெலோங் நின்ற தண்ணீரில்
இப்போது பதினான்காம் எண் பாரந்தூக்கி நிற்கிறது.
அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியுமா,
தாங்கள் வெளியே இருப்பது?
மீன் முள்ளை நாக்கால் தள்ளிக்கொண்டே கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதையும் எழுதிக்
கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினொன்று போட்டிருந்தார்கள்.
மாட்டுக்கு எதிரே சிவப்பில் ஒரு சரி.
சியூ மெய் ஃபோங்குக்கு எதிரே: "சான்று?"
கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை,
படித்ததற்கான கோடுகூட.

இன்று காலை ஏழு பத்துக்கு முதல் படகு.
வடக்கில் ஆழம் குறைவு, அங்கே இன்னும் கட்டுப்படியாகிறது.
கொட்டினார்கள், அளந்தேன், கையெழுத்திட்டேன்.
சாயங்காலத்துக்குள் கரை
இரண்டு மீட்டர் முன்னே போயிருந்தது.
ஜுராய்மி எழுந்து
தன் சிறு படகின் கயிற்றை அவிழ்த்து
இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டினார்.