தொடர்ச்சி

என் வேலை ஞாபகம் வைத்திருப்பது.
ஷெரீஃபின் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது,
குவளையில் விஸ்கி எத்தனை விரற்கடை
(ஆறிப்போன தேநீர்தான்),
எந்தக் கன்னத்தில் புழுதி.
எழுதிவைப்பேன்.
சம்பளச் சீட்டில் வெர்னா ஸ்டோல்ட்ஸ்.
படப்பிடிப்பில், "ஏம்மா, கன்டினியூட்டி!"

சிமி பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒரே தெரு.
வங்கிக் கதவைத் திறந்தால் வங்கி இருக்காது.
முட்டுக்கட்டைகள், ஓர் ஆணிப் பெட்டி,
அப்பால் யாருடையதோ எலுமிச்சைத் தோப்பு.
கொள்ளையடிக்க ஏதுமில்லாத அந்த நிழலில்தான்
மதியம் சாண்ட்விச் தின்பேன்.

செவ்விந்தியர்கள் நால்வர்:
இருவர் கிளெண்டேல் ஆர்மீனியர்கள்,
ஒருவன் இயக்குநரின் மச்சினன்,
ஒருவன் பல் டாக்டருக்குப் படித்துவந்தான்.
காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று சாயம் பூசிக்கொள்வார்கள்.
உண்மையான பையூட் ஒருவர் இருந்தார், ஆர்லோ.
தண்ணீர் லாரி ஓட்டினார்.
அம்புகள் பறக்கும் நாட்களில்
லாரியைப் பாறை மறைவில் நிறுத்திவிட்டு
பேஸ்பால் பக்கம் வாசிப்பார்.

ஆறு நாளில் ஒரு கதை. வருடத்துக்கு முப்பத்தொன்பது.
ஒருமுறை, ஆறு குண்டுத் துப்பாக்கி
ஒன்பது தடவை வெடித்தது.
சொன்னேன்.
மோர்ட் கெஸ்லர் சுருட்டை எடுக்காமலே,
"எவன் எண்ணிக்கொண்டு பார்ப்பான்?" என்றார்.

கான்சாஸிலிருந்து ஒரு பையன் எண்ணியிருந்தான்.
கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து:
'ஐயா, ஒன்பது.'
அவர் மேசையில் வைத்தேன்.
மறுவாரத்திலிருந்து ஆறாவது வெடிக்குப் பிறகு
எல்லோரும் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கினார்கள்.

ஆரின் டாக்கெட்டுக்குத் தொழில் சாவது.
கூரையிலிருந்து என்றால் நாற்பது டாலர்,
குதிரையோடு என்றால் எழுபது.
முகம் தெரியக் கூடாது.
தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் சாக முடியாது.
என் ஏட்டில் அவன்:
மாட்டுத் திருடன், இடப்பக்கம்.
பெயரில்லாதவன், தண்ணீர்த் தொட்டி.
சூதாடி, மாடிப்படி. மறுபடி சூதாடி, மாடிப்படி.
சனிக்கிழமை இரவு டிவி முன்னால்
அவன் பிள்ளைகள் கைதட்டுவார்களாம்:
"அதோ, அப்பா செத்துட்டார்!"

மூன்றாம் வருடம், ஒரு வியாழன்.
குதிரை சரிந்தது. அவன் விழுந்தான்.
'கட்' என்றார்கள். குதிரை எழுந்தது.

எல்லோரும் ஓடினார்கள்.
நான் ஓடவில்லை.
என் கை எழுதிக்கொண்டிருந்தது:
தொப்பி மூன்றடி தள்ளி.
வலக்கை உடம்புக்குக் கீழே.
முகம் கேமராவைப் பார்த்து.

ஆம்புலன்ஸ் போன புழுதி அடங்குமுன்
வேறொருவனுக்கு அதே சட்டையை மாட்டினார்கள்.
வெளிச்சம் இன்னும் நாற்பது நிமிடம்தான்.
நான் வாசித்தேன். அவர்கள் படுக்கவைத்தார்கள்.
வலக்கையை மடக்கிக் கீழே செருகினார்கள்.
"முகத்தை அந்தப் பக்கம் திருப்பு," என்றார் மோர்ட்.
அது ஒன்றுதான் என் ஏட்டுக்கு மாறாக.
என்று நினைத்தேன்.

பனிக்காலத்தில் ஒளிபரப்பானது.
கான்சாஸிலிருந்து கடிதம். இப்போது மை எழுத்து.
'ஐயா, விழும்போது அவர் பூட்ஸின் அடியில் ஓட்டை இருந்தது.
செத்த பிறகு இல்லை.
யார் தைத்தது?'

மோர்ட்டிடம் காட்டவில்லை.
எலுமிச்சைத் தோப்புப் பக்கம் உட்கார்ந்து
முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினேன்:

நீ சொல்வது சரி. தவறு என்னுடையது.
ஓட்டை பூட்ஸ்காரர் பெயர் ஆரின் டாக்கெட்.
சாகவில்லை. இடுப்பெலும்பு.
ஊன்றுகோலோடு கடைவரை போய்வருகிறார்.
இனி எங்கள் தொடரில் சாகமாட்டார்.

தபால்தலை என் காசு.