அடிக்குறிப்பு 112

இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்.
பைண்டிங்குக்கு அவ்வளவு போகும்.
மற்ற மூன்று பக்கமும் ஒவ்வோர் அங்குலம்,
வரிக்கு வரி இரட்டை இடைவெளி.
திருவல்லிக்கேணியில்
இவ்வளவு தாராளமாக இடம் விட்டு
வேறெதையும் நான் பார்த்ததில்லை.

பெல்ஸ் ரோட்டில்
ஜெராக்ஸ் மெஷின் சூட்டுக்கும்
பிரியாணிக் கடைப் புகைக்கும் நடுவே
என் நாற்காலி. பதினாறு வருஷம்.
நன்றியுரையில் என் பெயர்
இரண்டே தடவை வந்திருக்கிறது,
ஒரு தடவை வளர்மணி என்று.
அதை அடித்ததும் இந்த வளர்மதிதான்.
பிரதியில் உள்ளபடியே அடிக்க வேண்டும்,
கடை விதி.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாயிரம் வந்தான்.
திங்கள் காலை சமர்ப்பிக்க வேண்டுமாம்.
முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
இரண்டாம் இயலில் திறந்த மேற்கோள்
மூடாமலே மூன்றாம் இயலுக்குள் போயிருந்தது.
துணைநூற்பட்டியலில்
ஔ வருமுன்பே க வந்து உட்கார்ந்திருந்தது.
'இனிஷியல் பின்னாடி போகணுமாமே அக்கா?'
'அப்பா பின்னால போகட்டும், நீ முன்னால வா.'
சிரித்தான். டீ சொன்னான்.

டீ வருவதற்குள் என் கை நின்றுவிட்டது.

"கடலுக்குள் எல்லாம் வெறும் காற்று.
கடற்கறையில் கால் வைத்த பிறகுதான்
அதற்குப் பெயர்."

அந்த றகரம் என்னுடையது.

ஒன்பது வருஷத்துக்கு முன்,
மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மே மாத ராத்திரி,
தாட்சாயணியின் ஆய்வேடு.
முதல் றகரத்துக்கு ஷிப்டை அழுத்திய சுண்டுவிரல்
அடுத்த எழுத்துக்கும் பழக்கத்தில் அங்கேயே போனது.
கரை கறையானது.
மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் தப்பி
காலிகோ அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆனால் அந்த வரியின் தோளில்
112 என்று ஒரு பொடி எண் இருந்தது.
பக்கத்தின் அடியில்:
தேசம்மா, வயது 61, மீன் ஏலம் கூறுபவர்,
காசிமேடு, நேர்காணல், விடியற்காலை 4.40.
நேரம் எதற்கு என்று கேட்டேன் அப்போது.
'அப்பத்தான் காத்து மாறிச்சு' என்றாள் தாட்சாயணி.

அடுத்து வந்த ஆய்வேட்டில் தேசம்மா இல்லை.
தாட்சாயணி இருந்தாள், பக்க எண்ணோடு.
அதற்கடுத்ததில் 'மேலது' என்றிருந்தது.
மேலே போய்ப் பார்த்தால்
அது ஏதோ ஓர் அரசாணை.
இப்போது எண்ணும் இல்லை.

'இந்த வரி யாருது கண்ணாயிரம்?'
'அதுவா... பொதுவா எல்லாரும் சொல்றதுதான்க்கா.'

வயது போயிற்று, ஊர் போயிற்று, பெயர் போயிற்று.
என் பிழை மட்டும் எழுத்துப் பிசகாமல்
நாலு நூலகம் ஏறி இறங்கி
வீடு திரும்பியிருக்கிறது.

மேஜை டிராயரில்
ரப்பர் பேண்டு போட்ட பழைய ஹார்ட் டிஸ்க்.
முனகியது, பிறகு திறந்தது.
112ஐ எடுத்து இவன் பக்கத்தின் அடியில் வைத்தேன்.
இங்கே அது 87.
பீச் ரயிலில் நாலாவது ஆளுக்கு
மூன்று பேர் நகர்வதைப்போல
வரிகள் மேலே நெருங்கி இடம் கொடுத்தன.
கடைசி வரி மட்டும் புதுப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது.
'இதுக்கும் காசாக்கா?'
'இதுக்கு இல்ல.'

கர்சர் கறையின் மேல் துடித்துக்கொண்டிருந்தது.
ஒரு தட்டு தட்டினால் கரையாகிவிடும்.
அடுத்து வருகிறவன் 87ஐயும் உதறிவிட்டால்
தேசம்மாவிடம் திரும்பிப் போக
வேறென்ன தடயம்?
விட்டுவைத்தேன். முதன்முதலாக
தெரிந்தே ஒரு பிழை.

ஷட்டரை இறக்கும்போது
மெரினா பக்கமிருந்து ஒரு காற்று வந்து
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியது.
வாடையா, கொண்டலா, எனக்குத் தெரியாது.
யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரியும்.